கேட்டுக்கினோம், ஒத்துக்கல

ஒல்லாந்தர் பழவேற்காட்டை ஆண்ட காலத்தில், ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில், கோட்டைக்குள் துரைமார் பூட்டிய அறையில் பேசிய பேச்சு கோட்டைக்குப்பத்துக் கிணற்றிலிருந்து கேட்க ஆரம்பித்தது. முதலில் கேட்டவள் வேலம்மா. குடம் பாதி மேலே வந்தபோது, மிளகு இன்னும் வந்து சேரவில்லை என்று உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் அலுத்துக்கொண்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஓடவில்லை. உலை வைக்கத் தண்ணீர் வேண்டுமே. துரைமார் பேசியது ஒல்லாந்து மொழிதான். ஆனால் மணலில் ஊறி வரும்போது உப்பு நீங்குவதுபோல் அந்த மொழியும் நீங்கி, கிணற்றில் நம் குப்பத்துப் பேச்சாகவே வந்தது.

அந்த வருஷம் வேலம்மாவின் கவலையெல்லாம் முகத்துவாரத்தைப் பற்றித்தான். ஏரியும் கடலும் கலக்கும் அந்த இடத்தில் வலை போடுவதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. ஊர் மொத்தமும் கூடி உட்கார்ந்து, எல்லார் கண்ணெதிரே ஓலைச்சீட்டு எடுத்து, இந்த வருஷம் இன்னார் என்று உரக்கச் சொல்வார்கள். கூட்டம் 'கேட்டுக்கினோம், ஒத்துக்கினோம்' என்று பதில் சொன்னால்தான் அது செல்லும். யாராவது 'ஒத்துக்கல' என்றால் செல்லாது, மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். காது மந்தமானவரிடம்கூட கிட்டே போய்க் கத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே நகர்வார்கள்.

வேலம்மாவின் புருஷன் நீலமேகத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து வராத முறை அந்த வருஷம்தான் வந்தது. வந்த நேரம் பார்த்துக் கோட்டைக்காரர்கள் முகத்துவாரத்தின் குறுக்கே கழி நட்டு, யாரும் வலை போடக் கூடாதென்று தமுக்கடித்துவிட்டார்கள். ஏன், எதுவரைக்கும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இறால் வரும் பருவம் தொடங்கிவிட்டது. பருவம் போனால் அவன் முறையும் போனதுதான். துரைமாருக்கும் ஊராருக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேதாசலத்திடம் நீலமேகம் நடையாய் நடந்தான். "அதெல்லாம் உள் விஷயம்பா, உனக்கு இன்னாத்துக்கு?" என்பார் அவர், அவன் கொண்டுபோன நண்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு. அந்த உள் விஷயம் அவருக்கும் தெரியாது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கிணறு பேச ஆரம்பித்த பிறகு பெண்கள் நிதானமாகத் தண்ணீர் இறைத்தார்கள். பெரிய துரைக்குப் பல்வலி என்பதும், பண்டகசாலையில் எலி புகுந்ததும் குப்பத்துக்கே தெரிந்துபோயின. ஒரு காலையில் பேச்சு முகத்துவாரத்துக்கு வந்தது. எதற்காகக் கழி நட்டோம் என்று பெரிய துரை கேட்டார். பெரிய கப்பல் ஒன்று வருவதாக இருந்தது என்றது இன்னொரு குரல். வந்ததா? இல்லை, அது நேரே நாகப்பட்டினம் போய்விட்டது. அப்புறம் ஏன் கழி இன்னும் நிற்கிறது? பிடுங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பிறகு பெரிய துரை, அது பாட்டுக்கு இருக்கட்டும், ஊராருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார்.

வேலம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இல்லாத கப்பலுக்கா என் புருஷன் முறையை அடைத்து வைத்திருக்கிறார்கள்! ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒரே கூட்டம் பாடு எடுக்கும் கூட்டம்தான். காதில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டும். கிணற்றுக்குள் குனிந்து, "கேட்டுக்கினோம், ஒத்துக்கல!" என்று கத்தினாள். கூட இருந்த பெண்களும் கத்தினார்கள். அந்தச் சத்தம் துரைமாரின் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவிலிருந்து, சுத்தமான ஒல்லாந்து மொழியில் வெளியே வந்தது. பெரிய துரையின் தொப்பி நனைந்துவிட்டது.

ஒத்துக்கல என்று சொல்லியாகிவிட்டதால் கட்டளை செல்லாது என்றே குப்பம் எடுத்துக்கொண்டது. வெயில் ஏறியதும் கழிகளைப் பிடுங்கிக் கரையில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, நீலமேகம் வலையை இறக்கினான். பீரங்கிக்கு நேர் எதிரே! சிப்பாய்கள் அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய துரைமுன் நிறுத்தினார்கள்.

"இன்னா தொரை, காலைல நீங்கதானே கப்பலு இல்லைன்னு சொன்னீங்க? எங்க வீட்டுக்காரி ஒத்துக்கலன்னு பதிலும் சொல்லிட்டாளே. அப்பால இன்னா?"

வேதாசலம் மொழிபெயர்த்தார். பெரிய துரை கூஜாவைப் பார்த்தார், பிறகு நீலமேகத்தைப் பார்த்தார். அவன் கூட்டத்துக்கு வந்தவன்போல் நின்றான். கப்பல் இல்லை என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்; அது இவனுக்கும் தெரிந்தபின் என்ன சொல்வது? போகச் சொல்லிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க நீலமேகத்தின் தோணி இறால் பாரத்தில் தாழ்ந்து தாழ்ந்து கரைக்கு வந்தது. வேலம்மா அப்படிச் சிரித்துக் குப்பம் அதற்குமுன் பார்த்ததில்லை.

துரைமார் லேசில் விடுவார்களா? கோட்டைக்குள் இருந்த கிணறுதான் பேச்சைக் கடத்துகிறதென்று அதற்கு மூடி போட்டார்கள். பேச்சு குப்பத்துப் பானைகளிலிருந்து வந்தது. கிசுகிசுத்துப் பார்த்தார்கள், அது இன்னும் உரக்கக் கேட்டது. கடைசியில் வாயே திறக்காமல் இருந்தார்கள். குப்பத்துப் பெண்கள் பதறிப்போய், பெரிய துரைக்குப் பல்வலி முற்றிவிட்டதென்று நண்டுச் சாறு வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். குடித்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார், பிறகு நிறுத்தவே இல்லை.

வருஷங்கள் போயின. வேதாசலத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கிணற்றடியில் முடியாதவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், நண்டு வாங்காமல். கட்டளை போடும்முன் கூஜாவைப் பக்கத்தில் இழுத்து வைத்து, காரணத்தோடு உரக்கப் படித்துவிட்டுக் காத்திருப்பது கோட்டையின் வழக்கமாயிற்று. புதிதாக வந்த துரை ஒருவர் கையெழுத்துப் போட இறகை மையில் தோய்த்தார். எழுத்தர் அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, குப்பத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றார். புதிய துரை இறகைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.