பென் வெப்ஸ்டரின் மூச்சு

எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். புதிதாகச் சேவூருக்குக் குடிவருகிறவர்கள் எங்கள் வீட்டில் வெட்டுக்குத்து நடக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே நாங்கள் தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருப்போம்.

வீட்டை ஒட்டியே விசைத்தறி ஷெட். தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் ஷெட்டுக்குள் யாரும் குரலை நம்பமாட்டார்கள். வாயை நன்றாகத் திறந்து, சத்தமே இல்லாமல் உதட்டால் பேசுவார்கள். எதிரில் நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்ததும், டீ வந்ததும், அடுத்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனதும் எல்லாம் உதட்டில்தான். எனக்கு அ, ஆ படிக்கத் தெரியும் முன்பே உதடு படிக்கத் தெரியும். அதை ஒரு பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள்.

அப்பா மகுடேஸ்வரனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஜாஸ். அதிலும் பழைய காலத்து டெனர் சாக்ஸபோன்காரர்கள். தறிக்காரனுக்கு இதெல்லாம் எங்கிருந்து ஒட்டியது என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஒட்ட வைத்தவர் அனுப்பர்பாளையம் மோகன்ராஜ் அண்ணன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், முகூர்த்த நாளில் பேண்டு செட்டில் சாக்ஸபோன். ஏதோ ஒரு கல்யாணத்தில், எல்லோரும் பந்தியில் இருந்தபோது அவர் மண்டபத்துக்குப் பின்னால் தனியாக நின்று மெதுவாக எதையோ ஊதியிருக்கிறார். அப்பா சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். அம்மாவுக்கு அந்த மானக்கேடு இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் தறியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ரெக்கார்டு பிளேயர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர். ஹாக்கின்ஸ் ஊதினால் பண்ணையக்காரர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது என்பார் அப்பா. ஆனால் அவர் உயிரை விட்டது வெப்ஸ்டருக்குத்தான். மெதுவான பாட்டில் வெப்ஸ்டர் ஒரு சுரத்தை முடிக்கும்போது சத்தம் முதலில் போய்விடும், மூச்சு மட்டும் மிச்சம் இருக்கும். வெறும் காற்று. கொதிக்கிற பாலை யாரோ ஊதி ஆற்றுவதுபோல. "ஆளு செத்து எத்தனையோ வருசமாச்சு. மூச்சு மட்டும் இன்னும் உசுரோட இருக்குது பாரு மோகனு" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். மோகன்ராஜ் அண்ணனும் முதல் தடவை கேட்பதுபோல் தலையாட்டுவார்.

எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் மோகன்ராஜ் அண்ணன் வந்தால் வேறு டம்ளர் தேடுகிறவர்கள். அப்பா தன் டம்ளரிலேயே அவருக்குக் காபி கொடுப்பார். அந்த ஒரு காரியத்துக்காக அப்பாமேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது.

கொரோனா வருவதற்குச் சற்று முன்னால் மோகன்ராஜ் அண்ணன் அந்த வெப்ஸ்டர் ரெக்கார்டை இரவல் வாங்கிப் போனார். அந்த மூச்சை எப்படி விடுவது என்று பழகிப் பார்க்க ஆசை. பிறகு ஊரடங்கு, அவர் மனைவி அனிதா அக்காவுக்கு ஆபரேஷன், அது இது என்று ரெக்கார்டு திரும்பி வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த அன்றே அப்பா ஓடவிட்டார்.

மூச்சைக் காணவில்லை.

சுரம் வந்தது, முடிந்தது, அவ்வளவுதான். அப்பா துடைத்துப் பார்த்தார், முள்ளை மாற்றிப் பார்த்தார். பிறகு ஹாக்கின்ஸ் ரெக்கார்டைப் போட்டார். அது பழையபடி கணீரென்று இருந்தது. அப்படியானால் பிளேயரில் கோளாறு இல்லை, கோளாறு ரெக்கார்டில் என்று முடிவுகட்டினார். ஒரிஜினலை விற்றுவிட்டு ஏதோ நகலை அட்டைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறான். ஆபரேஷனுக்குப் பணம் வேறு எங்கிருந்து வரும்? அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். "எனக்கும் ஒண்ணும் கேக்கலீங்க" என்று அம்மா அடித்துச் சொன்னார். சாட்சியும் கிடைத்துவிட்டது.

சொந்தக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும். அவங்களையெல்லாம் ஊட்டுக்குள்ள விட்டா இப்படித்தான் ஆகும் என்று ஆளாளுக்கு வந்து தூபம் போட்டார்கள். அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மோகன்ராஜ் அண்ணனின் பேண்டு செட். அப்பா நேராக அவர் முன்னால் போய் நின்று, எங்கள் வீட்டில் பேசுகிற குரலில், "திருட்டு நாயே, என்ற ரெக்கார்டை எங்கடா வித்த?" என்று கேட்டார். ஊர்வலமே நின்றுவிட்டது. "இல்லீங்ணா, அதே ரெக்கார்டுதானுங்க" என்றாராம் அவர். நான் அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா போனில் ஏதோ ஜெயித்த கதை மாதிரி இதைச் சொன்னார்.

அதோடு அவருக்கு இந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் எல்லாம் போயின. வீடு நிறைய நகையும் பணமும் புழங்குகிற இடத்துக்குத் திருட்டுப் பட்டம் கட்டியவனை யார் கூப்பிடுவார்கள்? கூட வாசித்தவர்களே கழற்றிவிட்டார்கள். சாக்ஸபோனை விற்றுவிட்டார் என்று காதில் விழுந்தது.

இந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்தேன். இப்போது திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். தறி நின்றிருந்ததால் வீடு என்றும் இல்லாத அமைதியாக இருந்தது. அம்மாவின் தம்பி லிங்கசாமி மாமாவும் வந்திருந்தார். அவரும் தறிதான். பேச்சு எப்படியோ மோகன்ராஜ் அண்ணன் பக்கம் திரும்ப, அப்பா அந்த ரெக்கார்டை எடுத்துவந்தார். கோர்ட்டில் தடயம் காட்டுவதுபோல் வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டிருந்தது.

"இங்க பாரு, இந்த எடத்துல வரோணும். வருதா?"

மாமா காதைத் தீட்டிக் கேட்டார். "ஒண்ணுமே இல்லையே மச்சான்."

"இல்லவே இல்லை" என்றார் அம்மா.

எனக்குக் கேட்டது. சின்ன வயதில் கேட்ட அதே மூச்சு. சுரம் தேய்ந்து போனபின் காற்று மட்டும் மெல்ல இழுபட்டு, அடங்கி, அடுத்த சுரத்துக்காக ஒரு ஆள் நெஞ்சை நிரப்புகிற சத்தம். அறையில் நான்கு பேர். மூன்று பேர் தலையை ஆட்டி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். "அப்பா" என்றேன். கம்பெனியில் பேசுகிற குரலில், மனிதர்கள் பேசுகிற குரலில். அவர் திரும்பவில்லை. "அம்மா." இல்லை. "மாமா." மூன்று முதுகும் அசையாமல் ரெக்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

முன்னால் வந்து சொன்னேன். "மூச்சு ரெக்கார்டுல இருக்குதுப்பா. உங்க காதுலதான் இல்லை."

அப்பா அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா மட்டும், "நாம பேசிக்கறது எல்லாம் கேக்குதே கண்ணு" என்றார். கேட்கவில்லை, பார்க்கிறீர்கள் என்று சொன்னேன். ஷெட்டில் பழகியதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து, இத்தனை வருஷமாக ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

கோயம்புத்தூரில் டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் பரிசோதித்துவிட்டு, மெல்லிய, கூரான சத்தங்கள் எல்லாம் இருவருக்கும் போய்விட்டன, போனது திரும்பாது என்றார். காதில் மிஷின் வைத்தால் மூச்சு கேட்குமா என்று அப்பா கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. பேச்சு ஓரளவு கேட்கும் என்றார்.

வருகிற வழியில், அவிநாசியில் அம்மாவைச் சேவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "அனுப்பர்பாளையம் போலாம்" என்றார் அப்பா.

மோகன்ராஜ் அண்ணன் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க. உக்காருங்க." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவை அண்ணா என்று மட்டும் கூப்பிடவில்லை.

அப்பா சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுதுதான் மோகனு. என்ற காது போச்சு. உன்னைப் போயி..." அதற்குமேல் அவரால் முடியவில்லை. தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"சரிங்க" என்றார் மோகன்ராஜ் அண்ணன்.

"சாக்ஸபோன் நான் வாங்கித் தர்றேன். நல்லதா வாங்கலாம். நானே வந்து ஒவ்வொரு மண்டபமாச் சொல்றேன். நீ மறுபடி ஊதோணும்."

அண்ணன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, சுவரைப் பார்த்து, சாதாரணக் குரலில் பேசினார். என்னிடம்தான் பேசினார்.

"அன்னிக்கு ஊர்வலத்துல திட்டிட்டு நடந்தாரு கண்ணு. நான் பின்னாலயே போயிக் கூப்பிட்டேன். ரெண்டு எட்டுத் தூரம்தான். திரும்பல. கோவத்துல இருக்கறவனுக்குக் கழுத்தாவது அசையும், இவருக்கு அசையல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவரை நிறுத்தி, உங்களுக்குக் காது கேக்கலீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பேரு மிஞ்சியிருக்கும். அத்தனை சனத்துக்கு முன்னால ஒரு மனுசனைச் செவிடன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவருக்கு என்னைத் திருடன்னு சொல்ல வந்துச்சு. கூட்டிட்டுப் போயிரு கண்ணு. இனி இந்தப் பக்கம் வர வேண்டாமுன்னு சொல்லிரு."

டம்ளரை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே பின்வாசல் வழியாக வெளியே போனார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னான்? வாங்கிக்கறேன்னானா?"

அனிதா அக்கா அறையின் மூலையில், தடுப்புத் துணிக்குப் பின்னால் படுத்திருந்தார். அவர் காதில் இது மறுபடி விழ வேண்டாம் என்று தோன்றியது. அப்பாவுக்கு நேராக உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, சத்தமே இல்லாமல் உதட்டால் முதலிலிருந்து சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

திருடன் என்ற இடத்தில் அப்பா கண்களை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டால் அவருக்கு ஒன்றும் கேட்காது. அவர் திறக்கும்வரை காத்திருந்து மீதியைச் சொன்னேன்.