கர்வியா விளைந்த காடு

வட ஆப்பிரிக்காவில், துனீசு பட்டணத்துக் கடைத்தெருவில் அந்த விதையை நான் வாங்கியது 1943ஆம் வருடம் ஜூன் மாதம். பார்வைக்குச் சீரகம்தான், நிறம் மட்டும் கொஞ்சம் கருப்பு, வளைவும் அதிகம். கடைக்காரப் பெரியவர் அதற்குக் கர்வியா என்று பெயர் சொன்னார். நாலு விதையை உள்ளங்கையில் நசுக்கி என் மூக்கருகே நீட்டினார். பட்டாளத்துச் சமையற்கூடத்தில் ஒரு வருடமாகப் பருப்பையே கிண்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த வாசனையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

பக்குவத்தையும் அவரே கைஜாடையில் சொன்னார். கொத்தமல்லி மூன்று பங்கு, கர்வியா ஒரு பங்கு, வரமிளகாய், பூண்டு. எல்லாவற்றையும் இடித்து ஆட்டுக்கறியில் பிரட்ட வேண்டும். மறுநாளே செய்து பார்த்தேன். சாப்பிட்டவர்கள் தட்டைக் கழுவாமல் மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள். ஊர் திரும்பியதும் சேந்தமங்கலம் சந்தையடியில் கறிச்சோற்றுக் கடை போடுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

இரண்டு படி வாங்கி, கொல்லிமலையில் இருந்த என் மனைவி அத்தாயிக்குப் பார்சலில் அனுப்பினேன். வழியில் வண்டு விழாமல் இருக்க அடுப்புச் சாம்பலில் பிசறி, துணியில் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டேன். விவரக் கடிதம் தனித் தபாலில் போயிற்று.

பிறகு கொதிநீர் கவிழ்ந்து என் இடது பாதம் வெந்துபோனதால் பட்டாளம் என்னை அனுப்பிவிட்டது. தை மாதம் நாலாம் தேதி சேந்தமங்கலத்தில் வந்து இறங்கினேன். முதல் வேலையாகச் சந்தையடியில் இடம் வைத்திருந்த சாமியப்பனைப் போய்ப் பார்த்தேன்.

"கறிச்சோத்துக் கடை இங்க மூணு இருக்குது அண்ணாமலை. நாலாவது எதுக்கு?" என்றார்.

"இது வேற ருசிங்க."

"வாயில போட்டாத்தான தெரியும். தை கடைசிக்குள்ள ஒரு சட்டி ஆக்கிக் கொண்டாந்து காட்டு. புடிச்சிருந்தா எடம் உனக்கு. இல்லீன்னா வெத்தலைக்காரன் கேட்டுட்டு நிக்கறான், அவனுக்குக் குடுத்துருவேன்."

காலை இழுத்துக்கொண்டு மலையேற ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் குடித்ததும் பார்சலைப் பற்றிக் கேட்டேன்.

"வந்துச்சுங்க. ஐப்பசியிலயே வெதச்சாச்சு" என்றாள் அத்தாயி.

"எதை?"

"நீங்க அனுப்புன வெதையைத்தான். எங்கப்பன்தான் ஏரு ஓட்டுனாரு."

மாமனார் சின்னுசாமி என்னை முன்னால் நடக்கவிட்டுக் காட்டுக்குக் கூட்டிப் போனார். சாமைக் கொல்லைக்கு மேலே ஒரு துண்டு நிலம். முழங்கால் உயரத்துக்கு, கொத்தமல்லி இலையை இன்னும் பொடியாகக் கிள்ளிவிட்டது போலச் செடிகள் நின்றன.

"மொளைக்க இருவது நாளு ஆச்சு மாப்பிள்ளை. செத்த வெதைன்னு நெனச்சேன். அப்பறம் ஒண்ணொண்ணா எட்டிப் பாத்துச்சு."

"அது கறிக்குப் போடற சாமான் மாமா."

அவர் சிரிக்கவில்லை. "சாம்பல் பிசறி ரெட்டை முடிச்சுப் போட்டா அது வெதை. தின்கறதுக்கு வெச்சதை ஆராச்சும் ரெட்டை முடிச்சுப் போடுவாங்களா? நீ இந்த மலையிலதான பொறந்த?"

எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அந்த முடிச்சை அவிழ்ப்பது ஏர் பூட்டிய பிறகுதான். துனீசில் உட்கார்ந்து கட்டும்போது என் கை தன் பழக்கத்துக்குக் கட்டியிருக்கிறது.

"ஒரு பிடியாச்சும் மிச்சம் வெச்சீங்களா?"

"வெதையை மிச்சம் வெப்பாங்களா?" என்றாள் அத்தாயி.

துனீசில் இருந்து நான் போட்ட கடிதம் தை இருபதாம் தேதிதான் வந்து சேர்ந்தது. பட்டாளத்தில் அதைத் தணிக்கை செய்தவர் மூன்று பங்கு, ஒரு பங்கு என்று இருந்த இடங்களை மட்டும் மையால் அடித்திருந்தார். பீரங்கிக் கணக்கு என்று எண்ணினாரோ என்னவோ.

அதற்குள் செடிகளில் வெள்ளைப் பூ குடைபோல விரிந்திருந்தது. சில குடைகளில் பச்சைப் பிஞ்சு. தை முடிய நாலு நாள் இருக்கையில் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். பிஞ்சை வாயில் போட்டுக் கடித்தால் புல் வாடைதான் அடித்தது; ஆனாலும் ஒரு சட்டிக்கு ஏதாவது தேறும் என்று குனிந்தேன். அத்தாயி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அறுக்கப் போறீங்களா?"

"எடம் போயிரும் அத்தாயி."

"பட்டாளத்துக் கொழம்பை ஆருங்க காசு குடுத்துத் தின்பாங்கன்னு நானே நெனச்சுட்டுக் கெடக்கறேன். அதுல பச்சைப் பிஞ்சை வேற போட்டா, சாமியப்பன் துப்பிட்டு வெத்தலை போடப் போயிருவாரு."

செடியைப் பார்த்தேன். சாமியப்பனிடம் ஒரே ஒரு முறைதான் சட்டியை நீட்ட முடியும். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்று மாலையே, விதை முற்றப் பங்குனி ஆகும், அதுவரை பொறுக்க முடிந்தால் நல்லது என்று சாமியப்பனுக்கு ஒரு கார்டு எழுதினேன். பொறுக்க முடியவில்லை, வெற்றிலைக்காரர் வந்து அமர்ந்துவிட்டார் என்று மாசி மூன்றாம் தேதி பதில் வந்தது.

பங்குனி பத்தாம் தேதி அறுத்தோம். தட்டிப் புடைத்ததில் ஐந்து படி. நசுக்கி மோந்து பார்த்தேன். கடைத்தெருவில் மோந்ததைவிட ஒரு சுற்றுக் காரம் கூடியிருந்தது. மறுநாள் கறி எடுத்தேன். இடித்தது, வதக்கியது எல்லாம் நான்தான். அத்தாயி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டதோடு சரி.

சாமைச் சோற்றில் குழம்பை ஊற்றி மூவரும் உட்கார்ந்தோம். மாமனார் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். மூன்றாம் முறை சட்டியையே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அத்தாயி சாப்பிட்டு முடித்து, எலும்பைச் சப்பிக் கீழே போட்டாள்.

"ஏனுங்க, சந்தையன்னிக்குக் கூட்டம் எத்தனை மணிக்குங்க கூடும்?"

"பத்து மணிக்கு. அதான் எடம் போயிருச்சே."

"சந்தைக்குள்ள இருக்கற புளியமரத்தடியை ஆரும் குத்தகைக்கு எடுக்கலீங்களே. நடுச்சாமத்துலயே ஆக்கி எறக்கிட்டுக் கெளம்பிரலாம். சோத்துக் கூடையை நான் தூக்கிட்டு வாரேன், கொழம்புச் சட்டி அப்பனுக்கு. நீங்க அந்தக் காலோட வெறுங்கையை வீசிட்டு வந்தாப் போதும்."

"சட்டியை என்கிட்டக் குடுத்தா கீழ சந்தைக்குப் போயிச் சேருமா பாத்துக்க" என்றார் மாமனார், கையை நக்கிக்கொண்டே.