ஊருக்காகப் பேசும் வாய்

கணவாயில் வேன் நின்றதும் முதல் ஆளாக இறங்கியவள் லியாந்திரா. காற்று அவள் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. அதைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி பின்னால் இறங்கிய விருந்தாளிகளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஆளுக்கு ஒரு கல் எடுத்துக்குங்க. இவ்வளவு தூரம் வந்த களைப்பை அந்தக் கல்லுல ஏத்தி, இந்தக் குவியல்ல வச்சுட்டு வாங்க. களைப்போட யாரும் ஊருக்குள்ள வரக் கூடாது, மலைக்குப் பிடிக்காது.”

ஹாலந்துக்காரர் ஒருவர் கிட்டத்தட்ட ஒரு பாறையையே தூக்கிக்கொண்டு தள்ளாடினார்.

“ஐயோ பாவம், அந்த மனுஷனுக்கு எம்புட்டுக் களைப்பு!” என்று பின்னாலிருந்து, மலைக்காரர்கள் பேசும் கெச்சுவா மொழியில் ஒரு குரல் வந்தது. ரோமுலோ.

லியாந்திராவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இன்றைக்கு அவனோடு சேர்ந்து சிரித்துவிட முடியாது. அவளை எடை போடத்தான் அவன் கூட வந்திருக்கிறான்.

அவர்கள் ஊரான புக்காகோச்சாவுக்கு இத்தனை வருஷமாக விருந்தாளிகளை அழைத்து வந்தவன் நகரத்துக்காரன். ஊர்க்காரர்கள் பேசுவார்கள், அவன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வான், வந்தவர்கள் தலையாட்டுவார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, மலையேற்றக்காரர்களுக்குச் சமைக்கப் போன ரோமுலோ ஆங்கிலம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் வரை. “விதைக்கிழங்கை மிதிக்காதே, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?” என்று ஊர்க் கிழவி காசிமிரா கத்தியதை, அந்த நகரத்துப் புண்ணியவான் “உங்களை மனமார வரவேற்கிறார்” என்றானாம். பண்ணையாரிடமிருந்து நிலத்தை மீட்ட கதையைத் தலைவர் பெனிக்னோ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது, “இவர்கள் ஏழைகள், ஆனாலும் இருப்பதைக் கொண்டு சந்தோஷமாக வாழ்கிறார்கள்” என்று முடித்துவிட்டானாம். ரோமுலோ இதைச் சொன்னதும் ஊர் கொதித்துப்போனது. பனிமலையைக் கொல்லைப்புறத்திலும் ஏரியை வாசலிலும் வைத்திருப்பவர்களைப் பார்த்து ஏழை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அன்றோடு நகரத்துக்காரனின் வருகை நின்றது. இனி ஊருக்காகப் பேசும் வாய் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று சபை முடிவு செய்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ரோமுலோ; இன்னொருத்தி, கல்யாணத்துக்கு முன் நகரத்து ஓட்டலில் வேலை பார்த்த லியாந்திரா. ஒருவர் விருந்தாளிகளை அழைத்து வரும்போது மற்றவர் கூடவே போய்க் காது கொடுத்துக் கேட்டு, சபையில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதைக் கேட்டுச் சபை இருவரில் ஒருவரைக் கை தூக்கித் தேர்ந்தெடுக்கும். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். ஆனால் ஊரில் வேறு பூனை இல்லையே!

போன வாரம் ரோமுலோவின் முறை. மலையின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதைத் தவிர அவன் குறை வைக்கவில்லை என்று லியாந்திரா சபையில் நேர்மையாகவே சொன்னாள். இன்று அவள் முறை. வேன் திரும்பிப் போவதற்குள் சபை கூடி முடிவு சொல்லிவிடும்.

அவளுக்கு இந்த வேலை வேண்டும். வேண்டும் என்றால் சாதாரணமாக இல்லை, உயிராக வேண்டும். காப்பியும் ஆரஞ்சும் விளைகிற வெப்பப் பள்ளத்தாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். மலை ஏறி வந்து ஒன்பது வருஷம் ஆகியும் ஊருக்கு அவள் ‘கீழ்க்காட்டுக்காரி’தான். புருஷன் குமெர்சிந்தோ நல்லவன். ஆனால் பொண்டாட்டியை ஊரார் கிண்டல் செய்யும்போது அவனும் சேர்ந்து சிரிக்கிற ரகம். ஊருக்காகப் பேசும் வாயாகிவிட்டால் அப்புறம் யார் அவளைக் கீழ்க்காட்டுக்காரி என்று சொல்வது?

கணவாயிலிருந்து ஏரி வரை நடை. கரையில் வெள்ளை வாத்துகள் ஜோடி ஜோடியாக மேய்ந்தன. காதில் சிவப்புக் குஞ்சம் கட்டிய, கம்பளிக்காக வளர்க்கும் நீள்கழுத்து அல்பாக்காக்கள், வழி விட மனமில்லாமல் ஓரமாக ஒதுங்கின. எதிரே பனிமலை மேகத்தை விலக்கிக்கொண்டு முழுசாக நின்றது. லியாந்திரா, மலையேறுகிறவர்கள் களைப்புத் தீர மெல்லும் கோக்கா இலை மூன்றை விரலிடுக்கில் அடுக்கி, மலையைப் பார்த்து வணக்கமாக ஊதிவிட்டு விருந்தாளிகளுக்கும் கொடுத்தாள்.

“இவ்வளவு உயரத்தில் எப்படித்தான் வாழ்கிறார்களோ!” என்றாள் ஒரு பெண்.

“கீழ இருக்கறவங்க எப்படித்தான் வாழறாங்களோன்னு இங்க எல்லாரும் கேப்பாங்க” என்றாள் லியாந்திரா. ரோமுலோ பின்னால் தொண்டையைச் செருமினான். அது பாராட்டா, கணக்கில் வைத்துக்கொண்டானா என்று தெரியவில்லை.

பழைய பண்ணை வீட்டின் இடிந்த சுவரருகே பெனிக்னோ காத்திருந்தார். விழாக்காலத் தொப்பி, சிவப்புப் போர்வை, கையில் தலைவருக்குரிய வெள்ளிப் பூண் கோல். அவர் சுற்றி வளைத்துப் பேசும் ஆள் இல்லை.

“பண்ணையார் குதிரை ஏறணும்னா எங்க அப்பா இந்த முற்றத்துல குனிஞ்சு நிக்கணும். அவர் முதுகுதான் படி. பொறுத்தாங்க, பொறுத்தாங்க, ஒருநாள் மொத்த ஊரும் சேர்ந்து உள்ள வந்து உக்காந்துட்டாங்க. சிப்பாய் வந்தான், எந்திரிக்கல. துப்பாக்கியைக் காட்டினான், எந்திரிக்கல. யாரும் எங்களுக்கு நிலம் குடுக்கல. நாங்க எடுத்துக்கிட்டோம், எங்களுதுங்கிறதால. இப்ப அதே முற்றத்துலதான் பள்ளிக்கூடம்.”

லியாந்திரா ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னாள். குனிந்த முதுகைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. எடுத்துக்கொண்டோம் என்னும்போது தானாக உயர்ந்தது. ஹாலந்துக்காரர் தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்த பெனிக்னோவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் இதே கதையைச் சொல்லியும், கேட்டவர்கள் ஏன் பரிதாபமாகப் பார்த்தார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

சாப்பாடு அறுவடை முடிந்த வயலில். மண்கட்டிகளைக் கூம்பாக அடுக்கி, உள்ளே தீ மூட்டி, கட்டிகள் சிவந்ததும் கிழங்கைப் போட்டு, கூம்பை அதன் மேலேயே இடித்து மூடியிருந்தார்கள். அது வேகும் வரை விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு காசிமிராவுடையது. ஊரின் விதைக்கிழங்கு முழுவதும் அவள் காவலில்தான் இருக்கிறது. லியாந்திராவின் மாமியாரும் அவள்தான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற நியாயம் எத்தனை உயரம் ஏறினாலும் மாறுவதில்லை. காசிமிரா போர்வையை விரித்துக் கிழங்குகளைப் பரப்பினாள்: கறுப்பு, ஊதா, ரத்தச் சிவப்பு, பூனைப் பாதம் போல் ஒன்று. கடைசியாக உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்த ஒரு கிழங்கை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

“இதுக்குப் பேரு மருமகளை அழவைக்கும் கிழங்கு. வீட்டுக்கு வர்ற பொண்ணு கையில இதையும் ஒரு கத்தியையும் குடுப்போம். தோல் மெலிசா வரணும், சதை வீணாகக் கூடாது. முடிச்சுக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு சீவறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துரும். அதுலயே தெரிஞ்சுரும், பொறுமை இருக்கா, கிழங்கு மேல மரியாதை இருக்கான்னு.”

லியாந்திரா சொன்னாள். விருந்தாளிகள் கிழங்கைக் கைமாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சுற்றி நின்ற ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். லியாந்திராவுக்கும் தெரியும்.

“என் வீட்டுக்கும் ஒருத்தி வந்தா” என்றாள் காசிமிரா. “கிழங்கை அப்படிப் பார்த்தா, இப்படிப் பார்த்தா. அப்புறம் என்ன பண்ணா தெரியுமா? நேரா போய்ப் பானையில போட்டு வேகவச்சுட்டா! வேகவச்சுத் தோலை உரிச்சு, ‘இந்தாங்க அத்தை’ன்னு நீட்டுறா. அழவே இல்ல! நான்தான் அழுதேன். கீழ்க்காட்டுல மண்டைக்குள்ளயும் ஆரஞ்சுச் சாறுதான் போலன்னு ஊரே சிரிச்சுது. இந்தா நிக்கிறா பாருங்க, இவதான் அவ!”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விருந்தாளிகள் எதுவும் புரியாமல் லியாந்திராவைப் பார்த்தார்கள்.

காது மடல் சுட்டது அவளுக்கு. ‘ஒரு மருமகள் தவறு செய்தாள்’ என்று நாசூக்காக முடித்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ரோமுலோவைப் பார்த்தாள். கன்னம் புடைக்கக் கோக்கா மென்றுகொண்டு, காதைத் தீட்டி வைத்திருந்தான். ஆனால் அவனுக்குப் பயந்து அவள் சொல்லவில்லை. பெனிக்னோவின் அப்பா குனிந்து நின்றதைச் சொன்ன வாய், தான் கிழங்கை வேகவைத்ததைச் சொல்லக் கூசினால் அது என்ன வாய்? அவள் சொன்னாள். பானையைச் சொன்னாள், ‘இந்தாங்க அத்தை’யை அதே குழைவோடு சொன்னாள், மண்டைக்குள் இருக்கும் ஆரஞ்சுச் சாற்றைக்கூட விடவில்லை. “அந்த மருமக நான்தான்” என்று தன் நெஞ்சில் கை வைத்தபோது விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன ஆச்சரியம், அவளுக்கே சிரிப்பு வந்தது.

காசிமிரா சிரிப்பு அடங்கும் வரை பொறுத்தாள். பிறகு, அதே திட்டுகிற குரலில் சொன்னாள்:

“ஆனா ஒண்ணு. மூணு விதைப்புக்கு முன்னால, கல்மழையில கிடங்குக்குள்ள தண்ணி பூந்து விதையெல்லாம் அழுக ஆரம்பிச்சப்போ, ஊரே தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துச்சு. ஒவ்வொண்ணா பிரிச்சு, துடைச்சு, காத்துல உலர்த்திக் காப்பாத்துனது இவ. இந்த வருஷம் நீங்க திங்கப்போற கிழங்கு இவ குடுத்தது. எனக்கப்புறம் இந்த ஊர் விதையைத் தொடப்போற கை இவ கைதான்.”

சிரித்த பெண்கள் லியாந்திராவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வருஷத்தில் இந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. விருந்தாளிகள் ஆவலாகக் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“கிழங்கு வெந்திருக்கும், சாப்பிட வாங்கன்னு சொல்றாங்க” என்றாள்.

ரோமுலோ மெல்லுவதை நிறுத்தினான்.

சாப்பாடு முடிந்து, விருந்தாளிகள் பள்ளிக்கூடத்துச் சுவர்மேல் உட்கார்ந்து கோக்கா டீ குடித்தார்கள். சபை முற்றத்தில் கூடியது. பெனிக்னோ கோலைத் தட்டியதும் ரோமுலோ எழுந்தான்.

“கணவாயில இருந்து கேட்டேன். கல்லைச் சரியா சொன்னா, மலையைச் சரியா சொன்னா. தலைவர் பேசினதை, நான் சொல்லியிருந்தாக்கூட அவ்வளவு நல்லா வந்திருக்காது. தன்னைப் பத்தின கேலியை ஒண்ணு விடாம சொன்னா. என் காது கூசிச்சு, அவ வாய் கூசல.”

கூட்டத்தில் கைத்தட்டல் எழுந்தது.

“பொறுங்க, முடிக்கல” என்றான் ரோமுலோ. “ஒண்ணை விட்டுட்டா. கல்மழை, விதை, எனக்கப்புறம் இவ கைதான்னு காசிமிரா அத்தை சொன்னாங்கல்ல? அதுல ஒரு வார்த்தை அவங்களுக்குப் போகல. சாப்பிட வாங்கன்னு மாத்திட்டா.”

முணுமுணுப்பு பரவியது. “பழையவனும் இதைத்தான பண்ணான்?” என்று யாரோ கேட்டார்கள். பெனிக்னோ சங்கடத்தோடு லியாந்திராவைப் பார்த்தார். “உண்மையாம்மா?”

“உண்மைதான் மாமா.” அவள் எழுந்து நின்றாள். “திட்டைச் சொல்ல வாய் வந்துச்சு. இதுக்கு வரல. என் பெருமையை நானே எப்படிச் சொல்றது?”

“என்னது, உன் பெருமையா?” காசிமிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “அது என் பேச்சுடி! என் வாயில இருந்து வந்தது. முழுங்கறதுக்கு நீ யாரு? நகரத்துக்காரனை ஏன் துரத்தினோம்? எங்களைக் குறைச்சுச் சொன்னான், அதனால. நீ மட்டும் என்ன பண்ண? எங்க ஊர்க்காரி ஒருத்தியைக் குறைச்சுத்தான சொன்ன?”

எங்க ஊர்க்காரி. லியாந்திராவின் கண்ணில், அந்தக் கிழங்கு வரவழைக்காத தண்ணீர் இப்போது வந்தது.

“அழறதெல்லாம் அப்புறம்” என்றாள் காசிமிரா. “வேன் இன்னும் கிளம்பல. வா.”

மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விருந்தாளிகள் முன்னால் நிறுத்தினாள். சபை மொத்தமும் எழுந்து பின்னாலேயே வந்தது. லியாந்திரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மத்தியானம் என் மாமியார் சொன்ன ஒண்ணை உங்ககிட்ட மறைச்சுட்டேன்” என்று ஆரம்பித்தாள். கல்மழையைச் சொன்னாள். அழுகிய விதையைச் சொன்னாள். “நீங்க சாப்பிட்ட கிழங்கு…” என்று குரல் இறங்கியது.

“கேக்கல!” என்று அதட்டினாள் காசிமிரா. ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, குரல் தழைவது தெரியாதா?

லியாந்திரா நிமிர்ந்தாள். “நீங்க சாப்பிட்ட கிழங்கு நான் காப்பாத்தினது. என் மாமியாருக்கு அப்புறம் இந்த ஊர் விதையைத் தொடப்போற கை என் கைதான். இது அவங்க வார்த்தை.”

விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். காசிமிரா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோமுலோவைப் பார்த்தாள்.

“முழுசா சொன்னாளா?”

“முழுசா, அத்தை. ஒண்ணும் கூடல, ஒண்ணும் குறையல.”

“அப்ப என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? கையைத் தூக்கு.”

ரோமுலோ ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தூக்கினான். அவன் கைதான் முதல் கை. அடுத்தது பெனிக்னோவுடையது, அப்புறம் குமெர்சிந்தோவுடையது, அப்புறம் எண்ண முடியாதபடி முற்றம் முழுக்கக் கைகள். இது ஏதோ மலைநாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்த விருந்தாளிகள், மரியாதைக்குத் தாங்களும் கையைத் தூக்கிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று லியாந்திராவைக் கேட்டார்கள். அவள் எதையும் விடாமல் சொன்னாள்.