இடப்பக்கத்து எழுத்துகள்

அச்சகத்தில் அவளை எல்லோரும் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு ஒற்றுப்பிழைகூட அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் மூளையின் வலப்பாதியில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு குழறவில்லை. கைகால்கள் இரண்டு வாரத்தில் சொன்னபடி கேட்டன. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். போகிறபோதெல்லாம் இடது தோள் கதவு நிலையில் இடித்தது.

"இந்த நிலையை யாருடி நகர்த்தி வச்சது?" என்று தங்கையிடம் எரிந்து விழுந்தாள்.

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்க, கை கழுவ எழுந்தாள். தங்கை தட்டை அரைவட்டம் சுற்றி வைத்தாள்.

"நான் அசந்த நேரம் பார்த்து மறுபடி வச்சுட்டியா? வயிறா, சாக்கா இது?"

நாலாம் நாள் முதலாளிக்குப் போன் போட்டு, நச்சரித்து, ஒரு சிறுகதைத் தொகுப்பின் மெய்ப்பை வரவழைத்தாள். இரண்டே நாளில் முடித்தாள். முடித்த கையோடு, எழுதியவருக்கே போன் செய்தாள்.

"தலைப்பு பிரமாதம் தம்பி. மானம்! ஒத்தைச் சொல்லு, நச்சுன்னு இருக்கு."

எழுதியவர் மெல்லத் திருத்தினார். "அம்மா, புத்தகத்தோட பேரு அவமானம்."

"அப்போ தப்பா அடிச்சிருக்காங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் அச்சகத்து ஃபோர்மேன் அந்த மெய்ப்போடு வந்தார். இருபது வருடப் பழக்கம், ஆனாலும் உட்காரத் தயங்கினார். நாற்பத்தொரு பிழைகள் தப்பியிருந்தன. அத்தனையும் பக்கத்தின் இடது பாதியில். வலது பாதியில் ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் 'மருமகள்' என்பதை 'மகள்' என்று படித்துவிட்டு, 'இவர்களுக்கு மகளே கிடையாதே, எங்கிருந்து வந்தாள்?' என்று கேள்வி வேறு எழுதியிருந்தாள்.

"நான் பார்த்தப்புறம் யாரோ கை வச்சிருக்காங்க," என்றாள். ஆனால் குரல் உள்ளே போயிருந்தது.

தங்கை விடவில்லை. மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் சின்ன வயசுக்காரி, நிதானமானவள்.

"உங்க மொழி பத்திரமா இருக்கும்மா. அது பெரும்பாலும் இடப்பாதி மூளை பார்த்துக்கற வேலை. உங்களுக்கு அடிபட்டது வலப்பாதி. நமக்கு இடப்பக்கம் இருக்கறதைக் கவனின்னு சொல்றது அதுதான். கண்ணுல கோளாறு இல்ல. அப்படி ஒரு பக்கம் இருக்குங்கறதே மனசுக்குத் தோணாது."

"எனக்கு எல்லாம் தோணுது."

மருத்துவர் வாதாடவில்லை. "கண்ணை மூடிக்குங்க. பஸ் நிறுத்தத்துல இறங்கி அச்சகத்துக்கு நடக்கறீங்க. வழியில என்னென்ன இருக்கு?"

"தையல் கடை, மருந்துக்கடை, பூட்டு ரிப்பேர், பள்ளிக்கூடத்துச் சுவர்."

தங்கை எழுதிக்கொண்டாள்.

"இப்போ அச்சகத்துலேருந்து கிளம்பி நிறுத்தத்துக்கு வாங்க."

"சலூன், மூக்குக்கண்ணாடிக் கடை, தபாலாபீஸ், சைக்கிள் கடை."

தங்கை இரண்டு பட்டியலையும் சத்தமாகப் படித்தாள். மூலத்தையும் படியையும் ஒப்பிட்டே ஆயுளைக் கழித்தவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே தெரு. ஆனால் ஒரு கடைகூட இரண்டு பட்டியலிலும் இல்லை. போகும்போதும் வலப்பக்கம், வரும்போதும் வலப்பக்கம்.

"அப்போ ஞாபகம் எங்கேயும் போகலை," என்றாள் மெல்ல. "எல்லாம் உள்ளேதான் கிடக்கு. நான்தான் அந்தப் பக்கம் திரும்பல."

"திரும்பக் கத்துக்கலாம்மா. மெதுவாத்தான் வரும்."

மெதுவாக என்ற சொல்லுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. பயிற்சிக்காகப் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். கோடு கண்ணில் படும்வரை வரியைத் தொடங்கக் கூடாது. மூன்று வரி தேடுவாள். நாலாவது வரியில் கோடு இருப்பதே மறந்துவிடும். தாளைக் கசக்கி எறிவாள், பிறகு தானே எடுத்து நீவுவாள். ஒரு நாள் காலையில் ஆத்திரத்தில் தள்ளிவிட்ட தாள் மேசையில் குறுக்காகப் போய் நின்றது. இடது ஓரம் மேலே வந்து, வரிகள் மேலிருந்து கீழே ஓடின. அப்படியே படித்தாள். 'பெருமழை' என்று இருந்தது. நேற்றுவரை அந்த இடத்தில் வெறும் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"ஏய், இங்க வாடி! சீக்கிரம் வா!" என்று தங்கையைக் கத்திக் கூப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து அச்சகத்துக்குப் போனாள். தாளைக் குறுக்காக வைத்து, விரலை வரிமேல் ஓட்டிப் படித்தாள். ஒரு நாளைக்கு ஐம்பது பக்கம் பார்த்தவள் இப்போது ஒன்பது பக்கம் பார்த்தாள். பிழைகள் சிக்கின. ஆனாலும் நிம்மதி இல்லை. முடித்த பக்கத்தைக் கொடுப்பாள். ஃபோர்மேன் நாலடி போவதற்குள் ஓடிப்போய்ப் பிடுங்கி வருவாள்.

"சரியாத்தான் இருக்குக்கா."

"அன்னைக்கும் எனக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

அதுதான் அவளை அரித்தது. விட்டுப்போனது எதுவென்று தெரியாவிட்டால் தேடலாம். விட்டுப்போனதே தெரியாவிட்டால் எங்கே போய்த் தேடுவது? பொறுக்க மாட்டாமல் எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.

"இனிமே என் கையெழுத்துக்குக் கீழ இன்னொருத்தர் கையெழுத்து இல்லாம ஒரு பக்கம்கூட மெஷினுக்குப் போகக் கூடாது."

"இதை நீங்களா சொல்றீங்க?" முதலாளி வாயைப் பிளந்தார்.

"நான்தான் சொல்றேன்."

அவர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.