கம்பம் வராத வீட்டில் காத்தாடி

என் மகள் பூமயிலுக்கு வளைகாப்பு நடந்த அன்று, கடைசி வளையலும் கையில் ஏறிய பிறகு, அவள் மாமியார் சேதுலட்சுமி அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்க மதினி. கரண்டு இல்லாத வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சிய எப்படி அனுப்புறது? சித்திரை வெயிலு வேற வரப்போகுது. பிரசவம் இங்கனயே ஆகட்டும்."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எங்கள் பக்கம் இதை யாரும் எழுதி வைத்ததில்லை, எழுதி வைக்கத் தேவையும் இல்லை. அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, கையில் தாம்பூலப் பையைக் கொடுத்து அனுப்பி வைத்தாள் மகராசி. தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வந்து இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் வீட்டுக்காரர் நாகநாதனுக்குப் பயம் வந்துவிடும். பஸ்ஸில் இரண்டு தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பார்த்தார்.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் வீடு மாரியூருக்கு வடக்கே மிளகாய்க் காட்டுக்குள் தனியாக நிற்கிறது. கரண்டுக் கம்பம் வரவேண்டும் என்றால் என் கொழுந்தன் காளீஸ்வரனின் நிலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். பாகம் பிரித்த நாளிலிருந்து, "ஒரு குழி தோண்ட விடமாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஆறு வருஷம் ஆள்விட்டுப் பேசியாயிற்று. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற டீக்கடைக்குப் போகிற பிழைப்புத்தான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன். "கம்பத்துக்கு வழி உங்க தம்பி நெலத்துல இருக்கு. சூரியனுமா அவரு பாகத்துல விழுந்துருச்சு?"

"என்ன செய்யணும்ங்கற?" என்றார்.

"சோலார் போடணும்."

அந்த வருஷ மிளகாய் வற்றல் விற்ற பணத்தில்தான் போட்டோம். சாயல்குடி ஹாஜா முகைதீன் வந்தான். இறால் பண்ணைகளுக்கெல்லாம் சோலார் மாட்டிக் கொடுக்கிற பையன், பொறுமைசாலி. நான் கேட்ட கேள்விகளுக்கு வேறு ஒருவனாக இருந்தால் பாதியில் ஏணியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். எது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று ஒவ்வொரு வயராகக் கேட்டேன். கடைசியில் பேட்டரி முனையில் வயரை வைத்து முறுக்கி இறுக்கியது நான்தான்.

"எக்கா, நீங்க எங்கூட வேலைக்கு வந்துருங்க" என்றான்.

"சம்பளம் என்ன தருவ?" என்றேன்.

மொட்டைமாடியில் இரண்டு பேனல், உள்ளே இரண்டு ஃபேன், ஒரு பெரிய பேட்டரி, சுவரில் ஒரு இன்வெர்ட்டர். அதன் முகத்தில் சின்னத் திரை. பேனலிலிருந்து எத்தனை ஆம்ப்ஸ் இறங்குகிறது என்று அதில் தெரியும். நடுப்பகலில் பதினைந்து காட்டியது. "மேல நெழல் மட்டும் விழாமப் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே வேப்பமரத்தின் மேற்குக் கிளையை வெட்டச் சொல்லிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்தபோது சுவிட்சைப் போட்டேன். என் விரலால் போட்டேன். ஃபேன் ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்றியது. அதற்கு அடியில் ஆடாமல் அசையாமல் நின்றேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு வீட்டைப் பெற்றெடுத்த மாதிரி இருந்தது.

உடனே சம்பந்திக்குப் போன் போட்டேன். "மதினி, நம்ம வீட்டுல காத்தாடி ஓடுது. பிள்ளையக் கூட்டிட்டுப் போக எப்ப வரட்டும்?"

"கூட்டிட்டுப் போறது இருக்கட்டும் மதினி. சூரியக் கரண்டு அரை மணி நேரம் எரியும், அப்பறம் படுத்துக்கிரும்ங்கறாக. வியாழக்கெழம நானே வந்து ஒரு பகல் உக்காந்து பாக்குறேன். நிக்காம ஓடுனா யோசிப்போம்."

"தாராளமா வாங்க" என்றேன். போனை வைத்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் பூஜை. புதுச் சைக்கிளுக்கே சந்தனம் வைக்கிறவர்கள் நாங்கள், இதற்கு வைக்காமல் இருப்போமா? பேனலுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். குறுக்கே கயிறு போட்டு மாவிலைத் தோரணம். ஊர்ச்சனம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று, அரக்கன் முகம் எழுதிய பூசணிக்காய் ஒன்றை அந்தக் கயிற்றின் நடுவில் நானே தொங்கவிட்டேன். பேனல்கள் மேல் கைநிறையச் சந்தனம் எடுத்துப் பட்டை பட்டையாக இழுத்து, குங்குமமும் வைத்தேன். அம்மன் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துப் பூமயிலுக்கு அனுப்பினேன்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. இரண்டு ஃபேனும் விடியவிடிய ஓடின. கொழுந்தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்று வெளி லைட்டையும் போட்டு வைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அந்த ஆசையில்தான் போட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சேதுலட்சுமி வந்தாள். கை கால் கழுவி, ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள். மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கண்ணை மேலே வைத்திருந்தாள்.

பதினொன்றரை மணிக்கு இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. ஃபேன் தளர்ந்து, தளர்ந்து, நின்றது.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சேதுலட்சுமி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். "நான் சொன்னேன்ல மதினி" என்றாள். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பிள்ளை என் வீட்டுக்கு வரமாட்டாள் என்று அந்தக் குரலிலேயே முடிவாகிவிட்டது.

எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். மூன்று ஆம்ப்ஸ். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே மூன்றா? ராத்திரி செலவழித்ததைப் பகல் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. மேலே இருக்கிறது. வேப்பங்கிளை நிழலாக இருக்குமோ என்று அரிவாளை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

ஏறிப் பார்த்தால், அடி ஆத்தாடி! வாழை இலையெல்லாம் வெயிலில் வதங்கித் தொங்கி, பேனல் மேல் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. தோரணத்தின் நிழல் ஒரு பக்கம், நட்ட நடுவில் பூசணிக்காயின் நிழல் வட்டமாக. போதாததற்கு நான் பூசிய சந்தனம் காய்ந்து காறையாக ஒட்டியிருக்கிறது. ஹாஜா நிழல் என்றதும் எனக்கு மரம்தான் ஞாபகம் வந்தது. சாமிக்குச் செய்வதும் நிழல் விழுத்தும் என்று எவளுக்குத் தெரியும்?

முதல் வெட்டில் ஒரு வாழை சாய்ந்தது. மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார் என் வீட்டுக்காரர். பின்னாலேயே சேதுலட்சுமி.

"ஏ புள்ள, பூசணியத் தொடாத! திஷ்டிக்குக் கட்டுனத அவுக்கக் கூடாது" என்று அலறினார்.

"வேணாம் மதினி, நல்ல நேரத்துல அபசகுனம்" என்றாள் அவளும்.

கை ஒரு நிமிடம் நின்றது உண்மை. வயிற்றுப் பிள்ளைக்காரி என் மகள். எனக்கும் பயம் உண்டு. ஆனால் பேனலைப் பார்த்தேன்.

"வெளிச்சத்த மறைக்கிறதுதான் மதினி அபசகுனம். இத விடப் பெரிய திஷ்டி எதுவும் இல்ல" என்று சொல்லிக் கயிற்றை வெட்டினேன். பூசணிக்காய் தரையில் விழுந்து சிதறியது. பூஜைக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் சந்தனத்தைத் தேய்த்துத் துடைத்தேன். பேனல் சூட்டில் கை பொசுங்கியது. துடைத்து முடித்துத்தான் எழுந்தேன்.

கீழே வந்து திரையைப் பார்த்தால் பதினாலு! "பதினாலு, பதினாலு!" என்று கத்தினேன். ஆனால் ஃபேன் ஓடவில்லை. காலியான பேட்டரி கொஞ்சம் நிறைந்தால்தான் இன்வெர்ட்டர் திறக்கும் என்று சொன்னேன். "எவ்வளவு நேரம்?" என்றாள் சேதுலட்சுமி. "தெரியல மதினி. ஆனா வரும்" என்றேன். மூன்று பேரும் வியர்த்து வடிய உட்கார்ந்திருந்தோம். மத்தியானச் சோற்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சுவிட்சை அணைத்துப் போட்டேன். முனகல். பிறகு காற்று.

சேதுலட்சுமி எழுந்து வந்து சாப்பிட்டாள். "சும்மா முதுகச் சாய்க்கிறேன்" என்று பாயில் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் குறட்டை. நாலு மணிக்கு அவள் போகவேண்டிய பஸ். என் வீட்டுக்காரர் எழுப்பப் போனார், நான் கையைப் பிடித்து இழுத்தேன். பஸ் போனது. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, அவளும் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தரைக்கு எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, மேலே ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா பூமயிலு, துணிமணிய எடுத்து வையி. உங்க அம்மா ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போக வருவாக." அந்தப் பக்கம் பூமயில் என்னவோ கேட்டாள். "காத்தாடியா? நடுவுல நின்னுச்சு. நம்ம வீட்டுல கரண்டு போனா வரும் வரும்னு வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்போம். இங்கன உங்கம்மா மாடியேறிப் போயி அதக் கொண்டாந்துட்டா. நீ தைரியமா வந்து பெத்துக்க."

போனை என்னிடம் நீட்டினாள். அதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் யாரிடமும் அழாதவள், சம்பந்திக்கு முன்னால் விக்கி விக்கி அழுதேன்.

"அம்மா, என்னம்மா ஆச்சு?" என்றாள் பூமயில்.

"ஒண்ணுமில்லத்தா" என்றேன். "சீக்கிரம் வா."