சீமைக்குப் போன சீனியம்மாள்

மாரிச்செல்வி ஒன்பது வருடமாகத் தேடியதை, அவளுடைய சித்தப்பா மகள் வெங்கடேஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கப் போன இடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

தேடியது ஒரு பெண்ணை. மாரிச்செல்வியின் கொள்ளுத்தாத்தா குருசாமிக்குச் சீனியம்மாள் என்று ஒரு அக்காள் இருந்தாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். சொந்த ஊரான வன்னியம்பட்டியில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கும் மாரிச்செல்வி, தன் குடும்பத்தின் கதையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பழைய பத்திரங்களின் நகல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். 1934ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்த வரி கிடைத்தது.

‘எங்கள் தமக்கை சீனியம்மாள் துரைசானியோடு சீமைக்குப் போயிருக்கிறபடியால், அவள் திரும்பி வருங்காலத்தில் கிழக்குப் பார்த்த அறையை ஆயுள் மட்டும் அனுபவித்துக்கொள்ளக் கடவது.’

கிணற்றில் செத்ததாகச் சொன்னவள் வெள்ளைக்கார எஜமானியோடு இங்கிலாந்து போயிருக்கிறாள். மாரிச்செல்வி வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சீனியம்மாள் சீமையில் எந்த ஊரில் இருந்தாள், எப்போது செத்தாள் என்று முழுசாகத் தெரிந்த பிறகு, புத்தகத்தில் போட்டு எல்லோரையும் வாயடைக்க வைக்க வேண்டும். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இங்கிலாந்துக்கு எத்தனையோ மின்னஞ்சல்கள் அனுப்பினாள். உருப்படியாக ஒரு பதில் வரவில்லை.

வெங்கடேஸ்வரி நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் முதியோர் இல்லத்தில் வேலை. இருவரும் இராஜபாளையத்தில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். மாரிச்செல்வி விழுந்து விழுந்து படித்து வாங்கிய மார்க்கை வெங்கடேஸ்வரி பரீட்சைக்கு முந்தின நாள் புரட்டிப் பார்த்தே வாங்குவாள். கூடப்பிறந்தவள் மாதிரிதான். ஆனாலும் அவளுக்கு நல்லது நடக்கும்போதெல்லாம் மாரிச்செல்விக்குத் தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கிராமத்துச் சர்ச்சின் அடக்கப் பதிவேடு. ‘சீனியம்மாள், ஆயா, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வயது சுமார் ஐம்பத்தைந்து, 1957’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கீழே வெங்கடேஸ்வரி கேட்டிருந்தாள்: “சர்ச்சுல காப்பி குடிக்கக் கூப்பிட்டாங்கன்னு போனேன். உங்க ஊரு அம்மா ஒருத்தர இங்க பொதைச்சிருக்குன்னு காட்டுனாங்க. நம்ம சீனியம்மாளா இருக்குமோ?”

குழுவே அமளிதுமளியானது. வெங்கடேஸ்வரியை ஆளாளுக்குப் பாராட்டினார்கள். மாரிச்செல்வி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளேதான். தேடிய அதே சீனியம்மாள். பொறாமையோடு டைப் பண்ணினாள்.

“அது வேற ஆளு. நம்ம சீனியம்மா கிணத்துல விழுந்து செத்தவ.”

பத்திரம் படிக்கத் தெரிந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குழு அடங்கிவிட்டது. வெங்கடேஸ்வரி அடங்கவில்லை. அடுத்த மாதம் லீவில் இராஜபாளையம் வந்தவள், வந்த மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் மாரிச்செல்வியின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

“அக்கா, அந்த எடத்துல கல்லுகூட இல்ல. நம்பர் போட்ட ஒரு முளைக்குச்சிதான். சொந்தக்காரங்கன்னு காகிதம் காட்டுனா பேரு வெட்டி ஒரு கல்லு நட ஃபாதர் சம்மதிக்காரு. ஒன்கிட்ட எதும் பழைய பத்திரம் இருக்கா?”

“நான் எல்லாத்தையும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல.”

“ஒரு வரிகூடவா?”

“இல்லன்னா இல்லட்டி.”

வெங்கடேஸ்வரி போனை எடுத்தாள். “இதக் கேளு. மார்கரெட்டுன்னு ஒரு பாட்டி, எண்பத்தெட்டு வயசு. எங்க ஹோம்லதான் இருக்காங்க. அவுங்கள வளத்ததே அந்த ஆயாதானாம். ஆயா சொன்னத இன்னும் மறக்கல.”

போனில் பதிவாகியிருந்த ஒரு கிழட்டு வெள்ளைக்காரக் குரல், நாக்கு புரளாமல், ஆனால் ஒவ்வொரு எழுத்தாகப் பத்திரமாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னது: “செத்த நேரம் உக்காரு, கண்ணு.”

மாரிச்செல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதன் பின்னாலேயே பொறாமை வந்தது, முன்னைவிட மோசமாக. ஒன்பது வருடம் புழுதியில் உட்கார்ந்தவளுக்குக் கிடைத்தது ஒரு வரி. இவளுக்குக் குரலே கிடைத்திருக்கிறது.

“நம்ம பக்கத்துப் பேச்சுதான்,” என்றாள் மாரிச்செல்வி. “ஆனா நம்ம பக்கத்துல சீனியம்மான்னு எம்புட்டு பேரு இருந்திருப்பா?”

“அதுவும் சரிதான். அப்ப குடும்பம் தெரியலன்னு ஃபாதர்கிட்டச் சொல்லிருதேன்.” வெங்கடேஸ்வரி காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. நாலாம் நாள் விமானம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு வயதான அம்மாள் வில்லங்கச் சான்று கேட்டு வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. மாரிச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு, “செத்த நேரம் உக்காருங்கம்மா,” என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. சீமையில் ஒருத்தி வேற்று மனுஷர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை. இங்கே அவளுக்கென்று ஒரு அறை எழுதி வைத்திருந்தார்கள் என்பதே தெரியாமல் செத்திருப்பாள். இப்போது பெயரும் இல்லாமல் கிடக்கிறாள். பெயரை எடுத்துப் பீரோவில் பூட்டி வைத்திருப்பது யார்?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் நகலை எடுத்துக்கொண்டு இராஜபாளையம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

வெங்கடேஸ்வரி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். இரண்டாம் தரம் படித்தாள். நகல் எடுத்த தேதி அடியில் இருந்தது.

“ஒம்பது வருசமா வச்சிருந்தியாக்கா?”

“ஆமா.”

“நேத்து கேட்டேனே.”

“இருக்குன்னு சொல்ல மனசு வரல.”

“நான் கண்டுபிடிச்சது ஒனக்குப் பொறுக்கல. அம்புட்டுதானே?”

மறுக்கத்தான் மாரிச்செல்வி வாய் திறந்தாள். “ஆமாட்டி,” என்றாள். “இப்பவும் பொறுக்கல. இருந்தாலும் கொண்டாந்துட்டேன்.”

வெங்கடேஸ்வரி காகிதத்தைக் கைப்பையில் வைத்து ஜிப்பை மூடினாள். சித்தி சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். இங்கிலாந்துக்குப் போகும்போது வெங்கடேஸ்வரி மாரிச்செல்வியிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

ஐந்து மாதம் கழித்துக் குழுவில் படங்கள் வந்தன. மழையில் நனைந்த புல்வெளியில் ஒரு சாம்பல் நிறக் கல். இங்கிலீஷிலும் தமிழிலும் ‘சீனியம்மாள், வன்னியம்பட்டி’ என்று வெட்டியிருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வெங்கடேஸ்வரி. சர்ச் போட்ட சின்னப் பத்திரிகையில் அரைப்பக்கம் அவள் படம்தான். மாரிச்செல்வி அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கித் தன் பெயரைத் தேடினாள். கடைசி வரியில் இருந்தது, ‘பத்திரத்தைத் தந்து உதவிய உறவினர்’ என்று, பெயரில் எழுத்துப் பிழையோடு.

பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது. ‘ஒம்பது வருசம்’ என்று டைப் பண்ணினாள், அழித்தாள். ‘நல்லா இருக்கு’ என்று போட்டாள், அதையும் அழித்தாள். குழுவில் போடாமல் வெங்கடேஸ்வரிக்கு மட்டும் அனுப்பினாள்.

“மார்கரெட் பாட்டி நல்லா இருக்காங்களா? சீனியம்மா என்ன சமைப்பா, ஊரப் பத்தி என்ன சொல்லுவான்னு அவுங்ககிட்ட நான் கேக்கணும்.”

அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது வந்தது.

“சனிக்கிழம எனக்கு டூட்டி. ஒனக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ கால் போடுதேன். கேள்வியெல்லாம் எழுதி வச்சுக்கோ. அவுங்களுக்குக் காது மந்தம், சத்தமாப் பேசணும்.”

மாரிச்செல்வி மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒன்று என்று எண் போட்டாள்.