ஜில்லுவின் பாலாடை

கோட்டூர்புரத்தில் கெங்கம்மா வளர்த்த ஜில்லு என்ற பசு ஒவ்வொரு நாளும் என்ன தின்றதோ, அது மறுநாள் காலை அதன் பாலாடையில் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. 2021ஆம் வருடம் ஜூலை மாதம் இது தொடங்கியது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தக் கிழமை என்பதில்தான் தகராறு. பாலைக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் போதும். ஆடை படியும்போதே அதன்மேல் இளம்பழுப்பு நிறத்தில், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த, ஆனால் ஒற்றுப்பிழைகூட இல்லாத கையெழுத்தில் பட்டியல் தோன்றும். வைக்கோல் நாலு கிலோ, தவிடு ஒரு கிலோ, வாழைப்பழத் தோல் பதினொன்று, இலவசக் கண் பரிசோதனை முகாம் போஸ்டர் ஒன்று, பசையோடு. கெங்கம்மா பால் ஊற்றும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி மாமிதான் இதை முதலில் படித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்துவிட்டு, பால் ஊற்றிக்கொண்டிருந்த கெங்கம்மாவை மாடிக்கு அழைத்தார்.

"என்ன கெங்கம்மா, மாட்டைக் கட்டறதே இல்லையா? எங்காத்துப் பால்ல போஸ்டர்னு எழுதிண்டு வந்திருக்கு."

கெங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "இன்னான்னு எய்திகீது மாமி? ஃபுல்லா படி."

மாமி முழுவதும் படித்தார். கெங்கம்மா கேட்டுவிட்டு, "வாழத்தோலு நான் போட்டது. போஸ்டரு அதுவா மேஞ்சிகினு வந்துகீது," என்று ஒப்புக்கொண்டு, அன்று முதல் ஜில்லுவைக் கட்டிப்போட்டார். இரண்டு நாளில் போஸ்டர் பட்டியலிலிருந்து மறைந்தது. குடியிருப்பில் காலையில் செய்தித்தாளுக்கு முன்னால் பாலாடையைப் படிக்கும் பழக்கம் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தவிடு என்ற சொல் சரளமாக எழுதவந்தது. மற்றபடி பால் வழக்கமான பாலாகத்தான் இருந்தது. காபிக்கு நன்றாக இருந்தது.

அதீபாவின் காதுக்கு இது ஆகஸ்டில் எட்டியது. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய தீவன நச்சு ஆய்வகத்தில் அவள் வேலை பார்த்தாள். கால்நடை மருத்துவம் படித்து, நச்சியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். மாடு தின்னும் பொருளில் எந்த விஷம், எவ்வளவு, அதில் எவ்வளவு பாலுக்கு வருகிறது என்று பார்ப்பது அவள் தொழில். மயிலாப்பூரில் மூன்று தலைமுறையாக ஜரிகை வியாபாரம் செய்த குடும்பத்தில் இந்த வேலையை யாருக்கும் விளக்க முடியவில்லை. "எல்லார் வீட்டுப் பொண்ணும் டாக்டர்னா மனுஷனைப் பாக்குது. என் பொண்ணு மாடு சாப்பிட்டதைப் பாக்குது," என்று அவள் அம்மா கைசர் ஜஹான் கல்யாண வீடுகளில் சொல்லி வந்தார், அலுப்பு போலத் தொடங்கி, கடைசியில் அது பெருமையாகத்தான் முடியும்.

குடியிருப்பிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த கடிதத்தில், போஸ்டர் மறைவதற்கு முன் ஒருநாள் ஆடையில் 'மயில்துத்தம் ஒரு சிட்டிகை' என்று இருந்ததாக எழுதியிருந்தார்கள். போஸ்டர் பசை புளிக்காமல் இருக்க மயில்துத்தம் கலக்கிறார்கள் என்பதும், அது மாட்டின் ஈரலுக்கு ஆகாது என்பதும் அதீபாவுக்குத் தெரியும். அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆகவே அவள் தூக்குவாளியோடு கிளம்பிப் போனாள். முறையாகச் செய்தாள். பதினேழு பொருள்களை எடை போட்டு, பட்டியலை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, தன் கையாலேயே ஜில்லுவுக்கு ஊட்டினாள். மறுநாள் ஆடையில் பதினெட்டு வந்தது. பதினேழும் கிராம் பிசகாமல் சரி. பதினெட்டாவது, 'நீல மூடி ஒன்று.' அதீபா தன் பேனாவைப் பார்த்தாள். மூடி இல்லை. அடுத்த நாள் அது சாணியில் கிடைத்தது.

அறிக்கையை இயக்குநர் கிரீஷிடம் கொடுத்தாள். ஓய்வு பெற மூன்று வருடமே இருந்த கிரீஷ் நல்ல மனிதர். படிவத்தில் அடங்காத எதுவும் அவரை வருத்தியது. "முடிவெல்லாம் பிரமாதம்தாம்மா. ஆனா பாலாடையை எப்படி ஃபைல் பண்றது?" என்று கேட்டார். அதீபா ஆடையை நிழலில் உலர்த்தி, மூன்றாம் இணைப்பாக ஒட்டினாள். ஒரே வாரத்தில் எறும்புகள் மூன்றாம் இணைப்பை முழுக்கக் கொண்டுபோயின. கோப்பு நிலுவையில் வைக்கப்பட்டது.

அந்த நவம்பரில் மழை கொட்டியது. அடையாறு கரையைத் தொட்டு ஓடியது. தண்ணீர் வடிந்து இரண்டு வாரத்தில், கோட்டூர்புரத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மாடுகள் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தன. கண்ணின் வெள்ளை மஞ்சளானது, பால் பாதியானது. இரண்டு மாடுகளுக்குக் கன்று கலைந்தது. ஜில்லு அப்போது ஐந்து மாதச் சினை. அதன் ஆடையில் ஒருநாள், 'கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ, அதில் பூசணம்' என்று வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. அதீபா அன்றைக்கே ஜில்லுவுக்குப் புண்ணாக்கை நிறுத்தச் சொன்னாள். கெங்கம்மா நிறுத்தினார். ஆனால் மற்ற மாட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பசு எழுதியதற்காகத் தங்கள் பசுவைப் பட்டினி போடத் தயாராக இல்லை.

அத்தனை பேருக்கும் புண்ணாக்கு வந்தது ஈக்காட்டுத்தாங்கலில் கனகராஜின் கிடங்கிலிருந்து. அதீபா போய் முறைப்படி நாலு மூட்டையில் மாதிரி எடுத்து வந்து, அரைத்து, கரைத்து, புறஊதா விளக்கின்கீழ் வைத்தாள். பூசண நஞ்சு இருந்தால் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். ஒன்றும் ஒளிரவில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடியும் சுத்தம். விஷயம் அவளுக்குப் புரிந்துதான் இருந்தது: பூசணம் கிடங்கு முழுக்கப் பரவுவதில்லை, எங்கோ ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளும், ஆய்வகம் ஐம்பது கிராம் பார்க்கிறது, மாடு மூட்டையையே தின்கிறது. ஆனால் முடிவு முடிவுதான். அவள் கையெழுத்திட்ட சான்றிதழை கனகராஜ் லேமினேட் செய்து கடை வாசலில் மாட்டினார். மறுநாள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் எட்டு வீட்டுக்காரர்கள் புண்ணாக்கு வாங்கிப் போனார்கள். அந்த வழியாக பஸ்ஸில் போன அதீபா தன் பெயரை அங்கே பார்த்தாள். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அந்த மாடுகளின் பாலைக் குடிக்கும் குழந்தைகள் எத்தனை என்று மனம் தானாகக் கணக்கிட்டது. பிறகு நேராகக் கெங்கம்மாவிடம் போனாள்.

"ஜில்லுவைக் கிடங்குக்குக் கூட்டிட்டுப் போகணும்மா. ஒவ்வொரு மூட்டையா அது பாத்தாத்தான் தெரியும்."

"இன்னா டாக்டர்மா பேசற? வயித்துல கன்னு கீது. வெசத்த துன்னுன்னு நானே இட்டுக்கினு போவேனா?"

"திங்க வேணாம். சாக்கு மேல நாக்கு பட்டாப் போதும். அதுவே எழுதுதான்னு பாக்கலாம். உடனே வாயைக் கழுவிடறேன்."

கெங்கம்மா ஜில்லுவின் முன் போய் நின்றார். ஜில்லு அவர் முந்தானையை ஒரு தடவை நக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தது. மறுநாள் காலை ஆடையில், 'முந்தானை, நக்கியது மட்டும்' என்று இருந்தது. மாமி அதைப் படித்துச் சொன்னதும் கெங்கம்மா கயிற்றை அவிழ்த்தார். "நக்குனாலும் எய்துது. சரி, வா போலாம்."

சைதாப்பேட்டை வழியாக மூன்று மணி நேரம் நடந்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் இரண்டு சிக்னல்களை அவர்களுக்காக நிறுத்தினார். அவர் வீட்டிலும் ஜில்லு பால்தான். கனகராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உங்க லேபே சுத்தம்னு எழுதிக் குடுத்துச்சே மேடம். இப்ப மாடு வந்து மாத்திச் சொல்லுமா?" என்று கேட்டார். "சொன்னா உங்களுக்கும்தான் நல்லது. உங்க வீட்டுக்கு எங்கேர்ந்து பால் வருது?" என்றாள் அதீபா. கனகராஜ் யோசித்தார். அவர் பேத்திக்கு எட்டு மாதம். வழியை விட்டார்.

அறுபத்திரண்டு மூட்டைகள். அதீபா ஒவ்வொன்றின் எண்ணையும் உரக்கச் சொன்னாள். ஜில்லு சாக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை நக்கும். கெங்கம்மா வாளித் தண்ணீரால் அதன் வாயைக் கழுவுவார். முப்பதாவதில் நாக்கு வறண்டு, அரை மணி ஓய்வு கேட்டதுபோல் படுத்துக்கொண்டது. பிறகு தானாகவே எழுந்தது. மறுநாள் காலை கிடங்கிலேயே பால் கறந்து, கனகராஜ் டீ போடும் பாத்திரத்தில் காய்ச்சினார்கள். பட்டியல் நீளமாக இருந்ததால் ஆடை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. அதீபா கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து வாழை இலையில் விரித்தாள். ஐந்தாவது ஆடையில், 'மூட்டை 41, 44, 47: பூசணம், அடியில், சுவரோரம்' என்று தெளிவாக இருந்தது. கனகராஜே அரிவாளால் சாக்கைக் கிழித்தார். உள்ளே, அடியில், பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்திருந்தது. பின்சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய தடம் சாக்கு உயரத்துக்கு இருந்தது. ஆய்வக விளக்கின்கீழ் அந்த மூட்டைகளின் மாதிரி சீரியல் லைட் போல நீலமாக எரிந்தது. அனுமதித்த அளவைவிட நாற்பத்தைந்து மடங்கு. கனகராஜ் சான்றிதழைக் கழற்றினார். விற்ற மூட்டைகளைத் தேடி வீடு வீடாகத் தானே ட்ரைசைக்கிளில் போய்த் திரும்ப எடுத்துவந்தார். மாடுகள் ஜனவரியில் தீனி தின்னத் தொடங்கின.

கிரீஷ் நிலுவைக் கோப்பை வெளியே எடுத்து, ஆடையைப் புகைப்படமாக இணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். எறும்புகள் அதை ஒன்றும் செய்யவில்லை. அதன்பின் வாரம் ஒரு கிடங்கு என்று ஜில்லு சென்னை முழுக்க நடந்தது. ஏப்ரலில் கிடேரிக் கன்று போட்டது. கெங்கம்மா அதற்கு அல்வா என்று பெயர் வைத்தார். ஒருநாள் கெங்கம்மா வீட்டுக்கு மகளைக் கூப்பிட வந்த கைசர் ஜஹான் கன்றைப் பார்த்தார். அதன்பின் மகளைக் கூப்பிடத் தேவையில்லாத நாள்களிலும் வந்தார். வந்து உட்கார்ந்து, அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, உருதுவில் மணிக்கணக்காகப் பேசினார். கன்று காதை ஆட்டாமல் கேட்டது. மூன்று வருடம் இப்படிப் போனது.

2025 ரம்ஜான் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் அல்வா தன் முதல் கன்றை ஈன்றது. சீம்பால் நாள்கள் முடிந்து, பெருநாளுக்கு மறுநாள் முதன்முதலாக அதன் பாலைக் காய்ச்சியபோது, ஆடையில் பட்டியல் வலமிருந்து இடமாக, உருதுவில் வந்தது. மாமி பாத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கெங்கம்மாவைக் கூப்பிட்டார். கெங்கம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். "படிக்கத் தெரிஞ்சவங்கள இட்டாந்தா போச்சு," என்று சொல்லிவிட்டு, அதீபாவுக்குப் போன் செய்தார். கைசர் ஜஹான் புதுச் சேலையில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் வாசித்தார். வைக்கோல் ஐந்து கிலோ. பசும்புல் எட்டு கிலோ. தவிடு ஒன்றரை. புண்ணாக்கு ஒரு கிலோ, சுத்தம். "அவ்வளவுதான்," என்று கண்ணாடியைக் கழற்றினார்.

அம்மாவின் தோளுக்கு மேலாக அதீபாவும் படித்துக்கொண்டிருந்தாள். கீழே இன்னொரு வரி இருந்தது: 'பெருநாள் சேமியா அரைக் கிண்ணம், முந்திரியோடு.' கறவை மாட்டுக்கு இனிப்புக் கொடுக்கவே கூடாது என்று அந்த வீட்டில் நூறு தடவை சொன்னவள் அவள்தான். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதீபா கரண்டியை எடுத்து ஆடையை மெதுவாகக் கலக்கிவிட்டு, எல்லோருக்கும் காபி ஆற்றினாள்.